அரக்குச் சொப்பு

எங்கள் வீட்டில் மரச்சாமான் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு வட்ட மேஜை. வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்த வருடங்களில் துறைமுகத்து அதிகாரி ஒருவர் ஊருக்குப் போகுமுன் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலையில் இருந்த அப்பா, அந்த ஏலத்தில் யாரும் சீந்தாத மேஜையைக் கைவண்டியில் ஏற்றி, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யாரும் சீந்தாததற்குக் காரணம் அதன் நிறம். கப்பலுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை யாரோ அதன்மேல் கால்வரைக்கும் தடித்தடியாக அடித்துவைத்திருந்தார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, தவளையாட்டம் கீது?" என்றாள். அன்றிலிருந்து அதற்குத் தவளை மேஜை என்றே பெயர்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டுகிற வேலை. எங்களோடுதான் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது சந்து முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் மாமாவுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவைத்திருந்தார்கள். அந்த வயிற்றுவலி சம்பள நாள் சாயங்காலம் தவறாமல் வரும். வந்தால் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், என்னைக் கட்டிக்கொண்டு அழுவார், மறுநாள் எல்லாருக்கும் பக்கோடா வாங்கிவருவார். மதுவிலக்குச் சட்டம் வந்து கடைகளை மூடியதும் வயிற்றுவலி நின்றுவிட்டது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, உடனே தரகரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

தரகர் பெரம்பூரில் ஓர் இடம் கொண்டுவந்தார். பெண் நன்றாகத் தைப்பாளாம். பெண்ணின் அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பாலிஷ் மேஸ்திரி. முதல் வகுப்புப் பெட்டிகளில் பலகையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னுவது அவருடைய கைவண்ணம் என்று தரகர் அளந்தார். பொங்கல் கழிந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. மரத்தில் பிழைக்கிற மனிதர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்? தவளையைத்தானே பார்ப்பார்? மாமாதான் தைரியம் சொன்னார். "நீ கம்னு இருக்கா. பொங்கலுக்குள்ள அத்த நான் ராஜாவாக்கிக் காட்டறேன்."

முதல் மாதம் மாமா உழைத்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மேஜையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சோடாக்காரத்தைக் கரைத்துத் தடவி ஊறவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார். பச்சை சுருள்சுருளாக உரிந்து வரும். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம் இருந்தது, அதற்கும் கீழே வெள்ளை. அதையும் சுரண்டிய பிறகு ஒருநாள் தேக்கு தெரிந்தது. மாமா விரலில் எச்சிலைத் தொட்டு அந்த இடத்தில் தேய்த்ததும் ரேகை ரேகையாக எழும்பியது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒரு துண்டு உப்புத்தாளைக் கொடுத்துக் கால்களைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனியெல்லாம் வழுவழுப்பாகி, பள்ளிக்கூடத்தில் பலப்பம் நழுவிக்கொண்டே இருந்தது. காவியைக் குழைத்துப் பூசி நிறம் ஏற்றியதும் அந்த மாதத்திலேயேதான். பாக்கி இருந்தது பாலிஷ் மட்டும்.

அந்தப் பாலிஷ் என்பது வேறொன்றுமில்லை, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் நனைத்து மரத்தில் வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட்டு காற்றோடு போய்விடும். அரக்கு மரத்தில் தங்கி மின்னும். வெறும் ஸ்பிரிட்டை வாங்கப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அரக்கு கலந்த பாட்டிலை வண்ணாரப்பேட்டையில் பாய் கடைக்குப் போய் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். முதல் பாட்டில் மேஜைக்காகவேதான் வந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். மாமா அதிலிருந்து ஒரு கை பூசவும் செய்தார். பிறகு மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பாட்டிலிலிருந்து ஒரு புதிய வேலை சேர்ந்துகொண்டது. பாலிஷில் அழுக்கு இருக்கிறது, அதை எடுத்த பிறகுதான் பூச வேண்டும் என்றார் மாமா. தகரக் குவளையில் எதையோ கலந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவார். துணியில் கமர்கட்டு நிறத்தில் பிசின் மாதிரி ஓர் உருண்டை தங்கும். அதுதான் அழுக்கு. அதை என்னிடம் கொடுத்துவிடுவார். வடிந்து இறங்கியது என்ன ஆயிற்று என்று நான் கேட்டதே இல்லை. படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும்: அரக்கை ஒதுக்கிவிட்டு மீதியை மாமா குடித்துக்கொண்டிருந்தார். கடைகள் மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் பலரும் இப்படிக் குடித்தார்கள், குடித்துச் செத்தவர்களும் உண்டு. எனக்கு அப்போது எட்டு வயது. கண் முன்னால் நடந்ததையெல்லாம் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அந்த உருண்டைதான்.

துணியிலிருந்து எடுத்ததும் அது இளகியிருக்கும். என்ன பிடித்தாலும் பிடிக்கவரும். ஒருநாள் காற்றுப் பட்டால் இறுகிப்போகும். முதல் உருண்டையில் ஒரு சட்டி செய்தேன். அதற்கு அடுத்ததில் பானை. பிறகு அடுப்பு, தோசைக்கல், குடம், அகப்பை, உரல் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. சந்தில் மற்றப் பெண்களிடம் மண்சொப்பும் மரச்சொப்பும் இருந்தன. அரக்குச் சொப்பு யாரிடமும் கிடையாது. அதனால் சந்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. என்னைவிடப் பெரிய பெண்கள்கூட எனக்குப் புளியங்காய் கொடுத்து சிநேகம் பிடித்தார்கள். அம்மி செய்ய வேண்டும், பெரிய அழுக்காக வேண்டும் என்று கேட்டால் மாமா மறுத்ததே இல்லை. அந்த வாரம் இரண்டு பாட்டில் வரும்.

மேஜை மட்டும் மின்னவே இல்லை. "ரெண்டு மாசமா பூசிகினே கீறே, இது இன்னும் சோத்துப்பானை அடியாட்டமே கீதே?" என்று அம்மா கேட்பாள். மாமாவிடம் பதில் தயாராக இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரயில் யார்டு. எஞ்சின்கள் நாள் முழுக்கப் புகை கக்கும். கொடியில் காய்கிற வேட்டியில் கரிப்பொட்டு விழாத நாள் இல்லை. ஈரப் பாலிஷில் கரி விழுந்துவிட்டது, அதனால் திரும்பத் தேய்த்துவிட்டேன் என்பார் மாமா. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும், ஈரக்காற்றில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்றார். அதுவும் உண்மைதான். மழை விட்டதும் இன்னொன்று சொன்னார்: "இது பழைய மரம்க்கா. மொதல்ல பூசறதெல்லாம் மரமே குடிச்சிடும்." அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

பொங்கல் கழிந்து பெரம்பூர்க்காரர்கள் வந்தார்கள். மேஸ்திரி, அவர் மனைவி, கூடவே ஓர் அத்தை. அம்மா தவளை மேஜையைக் கூடத்தின் நடுவில் போட்டு, பூப்போட்ட துணியால் மூடி, அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்திருந்தாள். மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் பழுப்பேறிய கை. வெற்றிலையை எடுக்கிற சாக்கில் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். கட்டைவிரலால் மரத்தை ஒரு தடவை தடவினார். துணியை முன்பிருந்த மாதிரியே சரியாக விட்டார்.

அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "என் தம்பிதான் பாலிஷ் போட்டான். பத்து பன்னெண்டு பாட்டில் ஆயிடுச்சிங்க. பழைய மரமாச்சா, எல்லாத்தையும் குடிச்சிடுது."

"பன்னெண்டு பாட்டிலா?" என்றார் மேஸ்திரி. பிறகு, "சில மரம் அப்படித்தாம்மா" என்று வெற்றிலையை மடித்தார்.

பெண்கள் சமையலறையைப் பார்க்க உள்ளே போனார்கள். அப்பா விருந்தாளிகளுக்கு நாற்காலி இரவல் கேட்க அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். மாமா சோடா வாங்கத் தெருமுனைக்கு ஓடியிருந்தார். கூடத்தில் மேஸ்திரியும் நானும்தான். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு எதையாவது காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. என்னிடம் காட்டுவதற்கு இருந்தது ஒன்றுதான். சொப்புகளை முறத்தில் வைத்துத் தூக்கிவந்து அவர் காலடியில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன்.

அவர் சட்டியை எடுத்துத் திருப்பினார். அடியில் நகத்தால் கீறினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"இன்னாத்துல செஞ்சது கண்ணு?"

"அழுக்குல. மாமா பாலிஷ்ல இருந்து அழுக்கு எடுத்துக் குடுப்பாரு."

"அல்லாமே அதானா?"

"அல்லாமே. ஒரு பாட்டிலுக்கு ஒண்ணு."

மேஸ்திரி குனிந்து சட்டியிலிருந்து அம்மிவரைக்கும் வரிசையாகப் பார்த்தார். அடுப்பில் பானையைத் தூக்கிவைத்துப் பார்த்தார். அது சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. "ஒரு குடித்தனத்துக்கு வோண்டியது அத்தினியும் செஞ்சி வச்சிகினு கீறியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயில் பெட்டிக்கே பாலிஷ் போடுகிறவர் மெச்சிவிட்டார் என்றால் சும்மாவா?

மாமா சோடா பாட்டில்களோடு வந்தார். முறத்தையும் சொப்புகளையும் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதற்குள் அம்மாவும் மற்றவர்களும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி சோடாவைக் குடித்து முடிக்கிற வரைக்கும் மாமா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் தம்பிக்குக் கண்ணில் என்ன குறை, கடலில் கப்பல் புள்ளியாக வரும்போதே பெயர் சொல்லிவிடுவானே என்று படபடவென்று சொன்னாள். மேஸ்திரி தலையை ஆட்டி, கையைக் கூப்பி, விடைபெற்றார். அடுத்த சந்தில் ஒருவர் இருந்தார். பகலிலேயே மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அவருக்கு மாலைக்கண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமா குடித்த அதே பாட்டிலைக் குடித்துத்தான் அவருக்குக் கண் போயிற்று என்பது எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருடம் ஆக வேண்டியிருந்தது.

நாலாம் நாள் தரகர் பதில் கொண்டுவந்தார். பெண்ணுக்குச் சளி உடம்பாம், கடற்காற்று ஒத்துக்கொள்ளாதாம். அம்மா கொதித்துவிட்டாள். "பெரம்பூருக்கும் ராயபுரத்துக்கும் எத்தினி மைலு? அங்க இன்னா காஷ்மீர் காத்தா அடிக்குது?" தரகர் தலையைச் சொறிந்தார். அம்மா அன்று முழுக்க மேஸ்திரியையும் அவர் பரம்பரையையும் திட்டித் தீர்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து மேஸ்திரிமேல் கோபப்பட முயன்றேன், என் சொப்பை மெச்சியவர் ஆயிற்றே என்பதால் முழுசாகக் கோபம் வரவில்லை. ராத்திரி அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார், மறுநாளிலிருந்து அவள் மேஸ்திரியைத் திட்டவில்லை. அவர் நினைத்திருந்தால் உண்மைக் காரணத்தைத் தரகர் காதில் போட்டிருக்கலாம். தரகர் காதில் விழுந்தது தண்டையார்ப்பேட்டை வரைக்கும் போயிருக்கும். மாமாவுக்கு எந்த ஊரிலும் பெண் கிடைத்திருக்காது. காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். அவர் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவர்மேல் உள்ள மரியாதை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

மாமா சாப்பிடாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நான் போனேன். "அவரு ஒண்ணும் கெட்டவரு இல்ல மாமா. என் சொப்பு அல்லாத்தையும் பாத்தாரு. சட்டிய மோந்துகூடப் பாத்தாரு" என்றேன்.

"மோந்து பாத்தாரா?"

"ஆமா. இன்னாத்துல செஞ்சேன்னு கேட்டாரு. நீ அழுக்கு எடுத்துத் தர்றத சொன்னேன்."

மாமா என்னை அடித்திருக்கலாம். குறைந்தபட்சம் திட்டியிருக்கலாம். என் தலையில் கையை வைத்தார். கை கனத்தது. பிறகு, "நல்லாத்தான் செஞ்சிகீறே பாப்பா" என்றார். நான் சொப்பைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு பாட்டிலோடு வந்தார். காலையிலேயே மேஜையை வெயிலில் தூக்கிப்போட்டு, நாலு மாதத் தூசியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். யார்டில் எஞ்சின் போய்விட்டதா என்று மதில்மேல் எட்டிப் பார்த்தார். நான் வழக்கம்போலக் குவளையையும் வடிகட்டும் துணியையும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் குவளையைத் தொடவில்லை. பாட்டிலைத் திறந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பஞ்சுப் பொட்டலத்தை நனைத்து நேராக மரத்தில் வைத்தார்.

"மாமா, அழுக்கு எடுக்கலியா?"

"வோணாம் பாப்பா. அழுக்கோடவே பூசிடலாம்."

வட்டம் வட்டமாக வரவில்லை, கோணலாகப் போயிற்று. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி ஒரு இடத்தில் திட்டு விழுந்தது. அதைத் தேய்த்துவிட்டு மறுபடி பூசினார். பாதியில் எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் நாலு கை பூசியாயிற்று. ஒரே பாட்டிலில் மேஜை முழுக்க முடிந்து, அரிவாள்மணைப் பலகைக்கும் சாமி படத்துச் சட்டத்துக்கும்கூடப் பூசினார். மேஜையில் கொட்டகைத் தகரம் தெரிந்தது, மாமா முகம் தெரிந்தது. "இப்ப இன்னாத்துக்குடா இது?" என்று அம்மா கேட்டாள். யாரும் வரப்போவதில்லை என்பது அவள் நினைப்பு. மாமா துணியைப் பிழிந்து காயப்போட்டார். எனக்கு உருண்டை கிடைக்கவில்லை. மனிதர் சோம்பேறியாகிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு மாமா அந்தப் பக்கமே போகவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி இல்லை. இடையில் ஒன்றிரண்டு தடவை சறுக்கினார்; வயிற்றுவலி என்ற பழைய பெயர் திரும்பவும் வீட்டில் கேட்டது. ஆனால் கண் தப்பியது. இரண்டு வருடம் கழித்துத் திருவொற்றியூரில் பெண் எடுத்தோம். அந்த மாமி வந்த நாளில் மேஜையைப் பார்த்து, இது யார் போட்ட பாலிஷ் என்று கேட்டாள்.

நான் சொல்லவந்தது அதுவல்ல. மேஜை முடிந்ததற்கு மறுவாரம் மாமா வாசற்கதவுக்கென்று இன்னொரு பாட்டில் வாங்கிவந்தார். அதிலும் அழுக்கு எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கோள் சொன்னால் வாய்மேல் ஒரு அடி விழும். அது தெரிந்தும் போனேன்.

"அம்மா, மாமா இப்பல்லாம் அழுக்கே எடுக்கறதில்ல."

அம்மாவின் கை நின்றது. "இன்னா சொன்னே?"

"அழுக்கே எடுக்கறதில்லம்மா. பாட்டில் மொத்தத்தையும் கதவு மேலயே பூசிடறாரு. எனக்கு ஒண்ணுமே குடுக்கறதில்ல."

"நீ பாத்தியா? நல்லாப் பாத்தியா?"

"பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஒரு சொட்டுகூட மீதி இல்ல."

அம்மா அந்த மீன் கையோடேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அவள் முகமெல்லாம் ஈரம். மாமாவுக்கு ஒரு திட்டுக்கூட விழாமல் போனதில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு, காலை உதைத்து, ஓவென்று அழுதேன்.